இரண்டு சூரியோதயங்களின் தொலைவு

தொலைவைச் சொல்லத் தமிழில் பழைய வழக்குகள் பல உண்டு. அவற்றுள் இரண்டு எனக்கு எப்போதும் பிடித்தமானவை. ஒன்று கூப்பிடு தூரம். மற்றொன்று நாழிகை வழி. முன்னது மனிதக் குரலால் அளந்த தூரம். பின்னது ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிடங்களில், நடந்து கடக்கக்கூடிய தூரம். இரண்டிலும் அளவுகோல் மனித உடல்தான். ‘உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் ‘பஸ்ஸில் இரண்டு மணி நேரம்’ என்று விடை சொல்லும் பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. கேள்வி இடத்தைப் பற்றியது, விடை காலத்தைப் பற்றியது. யாருக்கும் அது பிழையாகத் தோன்றுவதில்லை.

இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால் நொடியில் இரண்டு எண்கள் கிடைக்கின்றன. ஒன்று கிலோமீட்டர், மற்றொன்று மணி நேரம். முதல் எண் பூமியின் வடிவத்தால் ஆனது. அது மாறாது. இரண்டாவது எண்ணை ஆக்குபவை எவை? விமானத்தின் வேகம் என்று உடனே சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். மீதிப் பாதியைத் தேடிப் போனால் யுத்தங்களும் எல்லைகளும் எதிர்ப்படுகின்றன. ஒரு சிறிய கிராமத்தின் கதையும் எதிர்ப்படுகிறது. இக்கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

எடுத்துக்கொள்ளும் இரண்டு இடங்கள், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரமும் இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியும். இவற்றிடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் ஒன்று அத்தொலைவை ஏறக்குறைய 7 மணி நேரத்தில் கடந்துவிடும். 1943இல் அதே தொலைவு 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம்வரை எடுத்தது. நடுவில் எங்கும் இறங்காமல்.

*

முதலில், யுத்தத்துக்கு முந்தைய நிலைமை. 1935 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கும் லண்டனுக்கும் இடையே பயணிகளுக்கான விமானத் தொடர்பு ஏற்பட்டது. பிரிஸ்பேனிலிருந்து சிங்கப்பூர்வரை குவாண்டாஸ் நிறுவனம், அங்கிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் என்று பாதையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். முழுப் பயணமும் பன்னிரண்டரை நாட்கள். அக்காலத்து விமானங்களால் ஒரே மூச்சில் வெகுதூரம் பறக்க இயலாது. சில நூறு மைல்களுக்கு ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். இரவில் தங்க வேண்டும். ஐரோப்பாவில் பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிந்திசிவரை பயணிகள் இரயிலில்தான் போனார்கள். ஆக, விமானப் பயணம் என்று பெயர் இருந்தாலும் அது நிலத்தை நம்பிய பயணம்தான்.

யாருடைய நிலம் என்பது அதனால் முக்கியமாயிற்று. பாரசீகம் தன் கரையோரமாகப் பறக்கும் அனுமதியைத் தொடர்ந்து அளிக்காதபோது, 1932இல் இம்பீரியல் ஏர்வேஸ் தன் பாதையை வளைகுடாவின் அரேபியக் கரைக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஷார்ஜா என்ற சிற்றூர் உலக வரைபடத்தில் ஒரு நிறுத்தமானது அப்படித்தான். கெய்ரோ, பாக்தாத், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று நீண்ட அந்தப் பாதையை வரைபடத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஆற்றைக் கடக்கப் போட்ட படிக்கற்களைப் போலத் தோன்றும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையிலான தூரம் சுருங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. சுருங்கியது உண்மைதான். ஆனால் அந்தச் சுருக்கம் ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்தில் இருப்பதைப் பொறுத்திருந்தது.

1942இல் கற்கள் பெயர்ந்தன. ஜனவரி 30ஆம் தேதி திமோர் தீவுக்கு அருகே ‘கோரியோ’ என்ற குவாண்டாஸ் கடல்விமானம் ஜப்பானியர்களால் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் ஜாவா, ரங்கூன், அந்தமான் மூன்றும் ஜப்பான் வசமாயின. அதே மாதம் 3ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள புரூம் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கடல்விமானங்கள் தாக்கி எரிக்கப்பட்டன. பன்னிரண்டரை நாட்களாகச் சுருங்கியிருந்த தூரம் சில வாரங்களுக்குள் முடிவற்றதாகிவிட்டது. பூமியில் ஒரு கிலோமீட்டர்கூட அதிகரிக்கவில்லை. பாதை அறுந்துபோயிற்று, அவ்வளவுதான்.

*

கொக்கல இந்தக் கதைக்குள் வருவது இப்போதுதான். காலியிலிருந்து கிழக்கே சிறிது தொலைவில், கடலுக்கும் காட்டுக்கும் இடையில் பரந்து கிடக்கும் ஏரி அது. அலையற்ற நீர்ப்பரப்பு கடல்விமானங்கள் இறங்கவும் எழும்பவும் ஏற்றது. யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப்படை அங்கே தளம் அமைத்தது.

1942 ஏப்ரல் 4 அன்று கனடாவைச் சேர்ந்த லியனார்ட் பர்ச்சால் என்ற அதிகாரி தன் குழுவினரோடு அந்த ஏரியிலிருந்து காட்டலினா வகை விமானத்தில் ரோந்து கிளம்பினார். இலங்கைக்குத் தெற்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவில் ஜப்பானின் பெரும் கடற்படை ஒன்று வந்துகொண்டிருப்பதைக் கண்டார். கம்பியில்லாத் தந்தியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுடப்பட்டது. உயிர் தப்பிய அவர் யுத்தம் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலையில் விழுந்தது. அந்த நாட்களில்தான் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் கூட்டங்கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் ‘எவாக்குவேஷன்’ என்று ஆங்கிலச் சொல்லாலேயே நினைவுகூர்ந்துவந்த நிகழ்ச்சி அது. கொக்கல ஏரி அவ்வளவு தொலைவிலிருந்த ஊர் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அறுந்த பாதையை மீண்டும் இணைக்க ஒரே வழிதான் இருந்தது. தீவுகள் எதையும் தொடாமல், இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே ஒரே தாவலில் தாண்டுவது. பிரிட்டிஷ் அரசு கொடுத்த ஐந்து காட்டலினா விமானங்களைக் கொண்டு 1943ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் அதைத் தொடங்கியது. பெர்த்தில் ஸ்வான் நதியின் நெட்லண்ட்ஸ் கரை ஒரு முனை. கொக்கல மறுமுனை. அங்கிருந்து கராச்சி சென்று மேற்கே தொடரலாம்.

காட்டலினா வேகத்துக்குப் பெயர் போனது அல்ல. தலா 1,200 குதிரைச் சக்தி கொண்ட இரண்டு இயந்திரங்கள். மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அதனிடம் இருந்தது பொறுமை. ஆனால் அந்தப் பொறுமைக்கும் 5,650 கிலோமீட்டர் அதிகம். கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்தினார்கள். எரிபொருளுக்கும் எடை உண்டு. ஆகவே மற்றவற்றைக் கழித்தார்கள். பனி உருக்கும் கருவிகளைக் கழற்றினார்கள். குளிரையும் இரைச்சலையும் தடுக்கும் உட்பூச்சுகளை அகற்றினார்கள். கழித்து எஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே போக முடிந்தது. தொலைதூர விமானப் பயணத்தின் அடிப்படைக் கணக்கு இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. தூரத்தைக் கடக்க எரிபொருள் வேண்டும். எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். எவ்வளவு தூரம் போகிறோம் என்பது எதை இறக்கிவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களை வைத்தார்கள். ஆல்டேர், வேகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைகா. ஆசையால் வைத்த பெயர்கள் மட்டும் அல்ல. வழி காட்டுபவை அவை. நம் பஞ்சாங்கத்தின்படி ஆல்டேர் திருவோணம், அண்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. வேகா, இருபத்தேழில் சேராமல் தனித்து நிற்கும் அபிஜித். ரைஜலுக்கு மட்டும் நம் வரிசையில் இடமில்லை. கலியாணத்துக்கும் பயணத்துக்கும் நாள் பார்க்க நாம் வைத்திருக்கும் நட்சத்திரங்களை அந்த மாலுமிகள் இடம் பார்க்க வைத்திருந்தார்கள்.

அவர்களுக்கு வேறு துணையும் இல்லை. எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வானொலியில் பேசக்கூடாது. சுருக்கமான வானிலைக் குறிப்புகள் சங்கேதத்தில் வரும், அவ்வளவுதான். திசைமானி, கடிகாரம், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கோணமானி ஆகியவற்றைக் கொண்டு விமானம் எங்கே இருக்கிறது என்பதைத் தாளில் கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவு நீண்ட பாதையில் கிளம்பும் திசை ஒரு பாகை பிசகினாலும், திருத்திக்கொள்ளாவிட்டால் மறுமுனையில் 80 கிலோமீட்டருக்கு மேல் விலகிப்போய்விடும். கடலில் 80 கிலோமீட்டர் விலகினால் கரையே கண்ணில் படாமல் போகலாம்.

27 மணி நேரத்துக்கும் 33 மணி நேரத்துக்கும் இடையிலான அந்த ஆறு மணி நேர வேறுபாடு காற்றினால் வந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு 30, 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று பெரிய விஷயம். பயணம் கிளம்பும்போது அது முடிய எவ்வளவு நேரமாகும் என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. நாழிகை வழி போன பயணிக்கும் இதே நிலைதான் இருந்திருக்கும்.

ஜப்பானியர்களின் கண்ணுக்கு எட்டக்கூடிய பகுதியை இருளில் கடக்கும்படி நேரத்தை வகுத்தார்கள். பயணம் 24 மணி நேரத்தைத் தாண்டியதால் வழியில் இரண்டு முறை சூரியன் உதித்தது. பயணத்தின் பெயரே ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றாயிற்று. பயணம் செய்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 ஜூலைவரை மொத்தம் 271 பயணங்கள். ஒரு விமானமும் விழவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. நேரத்தின் அளவில் பார்த்தால் உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் விமானச் சேவை என்ற பெருமை இன்றும் அதற்கே உரியது.

*

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். வீரமும் திறமையும் நிறைந்த கதைதான். அந்த மாலுமிகளை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கொக்கல என்பது வெறும் நீர்ப்பரப்பு அல்ல. அது ஒரு கிராமம்.

சிங்கள இலக்கியத்தின் தலைமகனாகப் போற்றப்படும் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த கிராமம் அது. அவர் எழுத்தின் பெரும்பகுதி அந்த ஏரியையும் தென்னந்தோப்புகளையும் மனிதர்களையும் சுற்றியே விளைந்தது. ‘மடோல் தூவ’ நாவலின் சிறுவர்கள் ஓடி ஒளியும் தீவு அந்த ஏரியில்தான் இருக்கிறது. 1940இல் அவர் ‘அபே கம’ என்ற நூலை வெளியிட்டார். ‘எங்கள் கிராமம்’ என்று பொருள். கிராமத்தின் வாழ்க்கையையும் பழக்கவழக்கங்களையும் நினைவிலிருந்து எடுத்து எழுதிய கட்டுரைகள் அவை.

அந்த நூல் வந்து இரண்டே ஆண்டுகளில் கிராமம் இல்லாமல் போனது. விமானத் தளத்துக்காகக் கொக்கல மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறைகளாக இருந்த வீடுகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. இன்று அது நாட்டார் கலை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக நிற்கிறது. அவருடைய தலைசிறந்த நாவல் ‘கம்பெரலிய’ வெளியானது 1944இல். ‘கிராமத்தின் நிலைகுலைவு’ என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நாவல் யுத்தத்தைப் பற்றியது அல்ல. பழைய பெருங்குடும்பம் ஒன்று புதிய வணிக உலகில் மெல்ல மெல்லச் சரிவதைச் சொல்வது. ஆயினும் காலத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நாவல் அச்சேறிய ஆண்டில் அதன் நிலத்தில் மனிதர்கள் இல்லை. அதன் ஏரியிலிருந்து காட்டலினாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன.

பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே தூரம் குறைந்தபோது, கொக்கல மக்களுக்கும் அவர்கள் ஏரிக்கும் இடையே தூரம் அதிகரித்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த நீர் முள்வேலிக்கு அப்பால் போய்விட்டது. மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் இடம் வேண்டி விமானத்திலிருந்து எவையெவை கழற்றி எறியப்பட்டன என்ற பட்டியலைச் சரித்திரக்காரர்கள் கவனமாகக் குறித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தக் கிராமமும் சேர வேண்டும் என்பது என் கருத்து. யுத்தம் வேறு வழியைத் தரவில்லை என்று வாதிடலாம். நான் மறுக்கவில்லை. கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

*

யுத்தம் முடிந்ததும் காட்டலினாக்களின் கதையும் முடிந்தது. அமெரிக்காவிடம் குத்தகைக் கடன் ஒப்பந்தத்தில் பெறப்பட்டவை என்பதால் அவற்றை வைத்துக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலானவற்றைப் பெர்த்துக்கு வெளியே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்தார்கள். எந்தக் கடலில் விழாமல் 271 முறை தாண்டினவோ அதே கடலில்.

படிக்கற்கள் திரும்பவும் அடுக்கப்பட்டன. 1947 டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு இடங்களில் நின்று நான்கு நாட்களில் லண்டன் சேர்ந்தது. பயணிகள் 29 பேர். பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1989 ஆகஸ்டில் ஒரு போயிங் 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. நானூறு பேர் ஏறக்கூடிய விமானத்தில் அன்று இருந்தவர்கள் மிகச் சிலரே. கழித்தல் கணக்கு மாறவில்லை. 2018 மார்ச் 24 அன்று பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீட்டர், ஏறத்தாழ பதினேழரை மணி நேரம்.

பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்று கையில் கிடைத்தால் ஒரு நூலைப் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி இலங்கையின் தென்கிழக்கு மூலையில் கரையேறும். கண்டிக்கு அருகாகப் போய்ப் புத்தளத்தையொட்டிக் கடலில் இறங்கும். மன்னார் வளைகுடாவைக் கடந்து இராமநாதபுரம் கரையில் ஏறி மதுரைக்குப் பக்கத்தில் செல்லும். காற்றையும் வான்வெளி அனுமதிகளையும் சண்டைகளையும் பொறுத்து விமானம் அவ்வப்போது வேறு தடத்தில் போகும். நூலின் பாதை மாறாது. பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. கொக்கலவும் அந்த நூலுக்கு வெகு தொலைவில் இல்லை. 1943இல் அந்த ஏரியைத் தேர்ந்தெடுத்ததன் பின்னால் இந்தப் பூகோளமும் இருந்தது.

சிட்னியையும் லண்டனையும் நிற்காமல் இணைக்கும் குவாண்டாஸின் முயற்சிக்கு ‘சூரியோதயத் திட்டம்’ என்று பெயர். காட்டலினாக்களின் நினைவாக வைத்த பெயர் அது. 2019இல் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்குச் சோதனையாகப் பறந்தபோது 19 மணி 16 நிமிடம் பிடித்தது. விமானத்தில் சுமார் ஐம்பது பேர் இருந்தார்கள். 2022 மே மாதம் இத்திட்டத்துக்கென ஏர்பஸ் ஏ350-1000 விமானங்கள் பன்னிரண்டுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. எரிபொருளுக்குக் கூடுதல் தொட்டி, அதற்கு ஈடாகக் குறைக்கப்பட்ட இருக்கைகள். பழைய கணக்கேதான்.

பெயரை நினைவில் வைத்தது நல்லது. அத்தோடு அந்த ஏரிக்கரையையும் நினைவில் வைக்கலாம். கொக்கலவில் ஓடுபாதை இன்றும் இருக்கிறது. இலங்கை விமானப்படையின் வசம் உள்ள அதில் சிறிய விமானங்கள் வந்துபோகின்றன. வெளியேறியவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்களோ. அவர்களுடைய ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டரிலோ மணிக் கணக்கிலோ விடை சொல்ல அவர்களால் இயலாது. அந்தக் கேள்விக்கு ‘அபே கம’வைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும்.